துரோணர் பெயரில் என் நைனாவுக்குக் கோப்பை வேண்டாம்

போன மாதம் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் எங்கள் லைன் பையன்கள். பையன்கள் என்கிறேன், ஒருத்தனுக்குத் தலை முழுக்க நரை, இன்னொருத்தன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஒரு காலத்தில் என் நைனாவிடம் பந்து உதைக்கப் படித்தவர்கள். வந்து உட்கார்ந்து, டீ குடித்து, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்கள். நைனா பெயரில் வருஷா வருஷம் கால்பந்துப் போட்டி நடத்தப் போகிறார்களாம். சுழற்கோப்பை. நோட்டீஸ் எழுதியே கொண்டு வந்துவிட்டார்கள். தலைப்பு இப்படி: 'தங்கவயலின் துரோணாச்சாரியார் நினைவு சுழற்கோப்பை.' அதற்குக் கீழே, 'தன்னலமற்ற தியாகச் செம்மல்.'

"அக்கா, மாஸ்டர் போட்டோ ஒண்ணு வேணும். கோட்டு கீட்டு போட்ட மாதிரி இருந்தா சோக்கா இருக்கும்."

என் நைனா ஆயுசில் கோட்டு போட்டதில்லை. நான் போட்டோ தரவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இப்போது லைனில் பேச்சு, "டீச்சரம்மாவுக்குப் படிச்ச திமிரு, பெத்த அப்பனுக்கு மரியாதை பண்ணக்கூட மனசு இல்ல." இதற்கு வாயால் பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும். எழுதிவிடுகிறேன். அந்த மூன்று பேரும் படிக்கட்டும், மற்றவர்களும் படிக்கட்டும்.

நைனா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்பில் சுரங்கத் தொழிலாளி. அவர் அப்பா குடியாத்தம் பக்கத்துச் சேரியிலிருந்து பஞ்சத்துக்கு மலையேறி வந்தவர். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே தோண்ட வந்ததிலிருந்தே பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலும் வடஆற்காட்டுப் பறையர் சனம்தான். மேலே நின்று கணக்கு எழுதியது வேறு சாதி, உத்தரவு போட்டது வேறு நிறம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். ஆசியாவிலேயே ஆரம்ப காலத்து மின்சாரம் என்று பெருமை பேசுவார்கள். அது சுரங்கத்துக்கு வந்தது, துரை பங்களாவுக்கு வந்தது. லைனில் தட்டி வீடு, சிம்னி விளக்கு. 'குட்டி இங்கிலாந்து' என்று இந்த ஊரைக் கூப்பிட்டவன் எந்தப் பக்கத்து வீட்டில் இருந்திருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நைனா 1962இல் கேஜ் ஏறினார். டிரில் அடிக்கிற வேலை. சாம்பியன் ரீஃப் 3,000 மீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். எங்கள் ஊரில் அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். வீட்டில் பாத்திரம் கிடுகிடு என்று ஆடும். உடனே பொம்பளைங்க எல்லாம் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவாங்க. எங்க அம்மா ஓடினதை நானே நாலு தடவை பார்த்திருக்கிறேன்.

இதைச் செய்துகொண்டே அவர் பந்து சொல்லிக் கொடுத்தார். காலை ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கு மைதானம். ராத்திரி ஷிப்ட் என்றால் விடிந்ததும் கேஜை விட்டு இறங்கி, வீட்டுக்கு வராமல் நேராக மைதானம். மைதானம் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். சயனைடு மேட்டுக்குக் கீழே கொஞ்சம் சமதளம், அவ்வளவுதான். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் மலை மலையாக நிற்கும், அதுதான் சயனைடு மேடு. காற்று அடித்தால் வெள்ளையாகக் கிளம்பி வாயில் நரநரக்கும். புல் முளைக்காது. பிள்ளைகள் அதில்தான் சறுக்கி விளையாடும், அதற்குக் கீழேதான் நைனா கோல்போஸ்ட் நட்டார். கோல்போஸ்ட் வேறொன்றும் இல்லை, யூகலிப்டஸ் கழி.

விசில் ஊத அவருக்கு மூச்சு கிடையாது. நாற்பது வயசுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு துண்டு தண்டவாளத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, டிரில் கம்பியால் தட்டுவார். கேஜுக்கு மணி அடிக்கிற அதே கணக்கு. ஒரு தட்டு என்றால் நில். மூன்று தட்டு என்றால் ஆள் ஏறுகிறது, அதாவது வெளியே உட்கார்ந்திருப்பவன் உள்ளே போகணும். லைன் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தாய்ப்பாலோடு வந்தது, யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு முதல் தடவை ஆடப் போனபோது ரெப்ரி விசில் ஊதியும் எங்கள் பசங்கள் நிற்காமல் ஓடியிருக்கிறார்கள். "இன்னா சார், ஒரு தட்டு தட்டலையே" என்றானாம் ஒருத்தன். இதை நைனா வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடியும்போது இருமலாக இருக்கும்.

பந்து ஒன்றே ஒன்று. தையல் விட்டால் அவரே ராத்திரி மெழுகு நூல் வைத்துத் தைப்பார். ஒருநாள் மைன்ஸ் ஆபீஸ்காரர் ஒருவர் லைன் பக்கம் வந்தவர், அதைப் பார்த்துவிட்டு, "குலத்தொழில் கைவிட்டுப் போகல பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா தலை நிமிரவில்லை. ஊசியை இழுத்துக்கொண்டே, "இது தோலுதான். அவரு பாவிக்கிற மணிபர்சும் தோலுதான்" என்றார். ஜலந்தர் பக்கம் பந்து தைக்கிற சனமும் பெரும்பாலும் தலித் சனம்தான், வீட்டில் உட்கார்ந்து பொம்பளைங்க தைக்கிறார்கள் என்பதை நான் ரொம்பப் பின்னாடி படித்துத் தெரிந்துகொண்டேன். அது நைனாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத் தைத்திருப்பார்.

சரி, இனி நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

துரோணர் யார்? தோழர்களுக்குக் கதை தெரியும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், மறந்துவிடுகிறோம் அல்லவா. வேடர் குலத்துப் பிள்ளை, நிஷாதன், வில் கற்றுக்கொடு என்று வந்து நின்றான். சாதி கேட்டுத் துரத்தினார். அவன் மண்ணால் பொம்மை செய்து வைத்துக்கொண்டு தானே கற்றான். ராஜா வீட்டுப் பிள்ளை அர்ஜுனனைவிட நன்றாக எய்தான். அர்ஜுனன் முகம் வாடியது. சொல்லியே கொடுக்காத வாத்தியார் அந்தப் பிள்ளையிடம் போய்க் கூலி கேட்டார். கூலி வலது கட்டைவிரல்.

இந்த வாத்தியார் பெயரில்தான் இந்திய அரசாங்கம் 1985 முதல் சிறந்த பயிற்சியாளருக்கு விருது கொடுக்கிறது. யார் முகம் வாடியதற்காக விரல் போனதோ அந்த அர்ஜுனன் பெயரில் 1961 முதல் வீரர்களுக்கு விருது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றம் செய்தவனுக்கு ஒரு கோப்பை, குற்றத்தால் லாபம் அடைந்தவனுக்கு ஒரு கோப்பை. வாங்கியவர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. முதல் வருஷம் வாங்கிய நம்பியார், பி.டி. உஷாவை உருவாக்கியவர், உழைத்து வாங்கினார். பெயரைத்தான் கேட்கிறேன். பெயர் மாற்ற முடியாதா என்றால், முடியும். ராஜீவ் காந்தி பெயரில் இருந்த கேல் ரத்னாவை 2021இல் ஒரே அறிவிப்பில் தியான்சந்த் பெயருக்கு மாற்றினார்கள். பெயர் மாற்றத் தெரியாத அரசாங்கம் இல்லை இது. இந்தப் பெயர் அவர்களுக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அவர்களுக்கு உறுத்தாததில் ஆச்சரியமில்லை. சாம்பியன் ரீஃப் லைன்காரனுக்கு, கேஜ் ஏறினவன் பிள்ளைக்கு, எங்கள் மாஸ்டருக்கு மரியாதை செய்யணும் என்று நினைத்த மாத்திரத்தில் வாயில் முதலில் வந்த பெயர் துரோணாச்சாரியார் என்றால், அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

என் நைனா யாரையும் சாதி கேட்டுத் துரத்தியவர் இல்லை. லைனில் தெலுங்குப் பிள்ளைகள், மாதிகர் பிள்ளைகள், துருக்கப் பிள்ளைகள், சம்பளத்துக்குக் கடன் கொடுக்கிற ரெட்டியார் வீட்டுப் பையன்கூட ஒருத்தன், எல்லோரும் வந்தார்கள். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. விரல் கேட்டவர் பெயரை விரல் இழந்தவனுக்கு வைப்பதா?

"அப்ப ஏகலைவன்னு வெச்சிடலாமா அக்கா?" என்று போகும்போது வாசலில் ஒருத்தன் கேட்டான். பாவம், நல்ல மனசுக்காரன். கர்நாடக அரசு வீரர்களுக்கு ஏகலைவன் பெயரில் விருது தருகிறது, அது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். அந்தப் பெயரும் வேண்டாம். நம் மேடைகளில் ஏகலைவனைப் பாடிப் பாடி அழுகிறோம். எனக்கு அந்தப் பிள்ளை மேல் இரக்கம் உண்டு, மரியாதை குறைவு. கேட்டதும் அறுத்துக் கொடுத்தானே! எங்கள் ஊரில் நடந்தது வேறு. 1930இல் சுரங்கத் தொழிலாளிகள் எல்லோரையும் புதிதாகப் பதிவு செய்யணும், கைரேகை எடுக்கணும் என்று கம்பெனி சொன்னது. திருடன் மாதிரி ரேகை வைப்பதா என்று சனம் வேலைநிறுத்தம் செய்தது. எங்க தாத்தா அதில் இருந்தவர். வெட்டிக் கொடு என்றதும் விரலையே கொடுத்தவன் பெயரை, ரேகையைக்கூடத் தரமாட்டோம் என்று ஷாப்டை நிறுத்திய சனத்தின் பிள்ளைக்கு எதற்கு வைக்கணும்?

இனி அந்த இரண்டாவது வரி. 'தன்னலமற்ற தியாகச் செம்மல்.'

இதைப் படிக்கும்போது வாய் இனிக்கிறது. இந்த இனிப்புக்குள்தான் விஷம் இருக்கிறது. நம்மவன் செய்கிற வேலைக்குக் கூலி இல்லை என்றால் அதற்குப் பெயர் சேவை. நம்மவன் உயிர் போனால் அதற்குப் பெயர் தியாகம். வெட்டிவேலை என்ற பழைய பெயரை நாமே மறைத்துக் கொடுக்கிறோம். இருபத்தேழு வருஷம் தினசரி இரண்டு மணி நேரம் ஒருத்தர் பிள்ளைகளைத் தயார் செய்தார். அதில் எத்தனையோ பேரைப் பெங்களூர் கம்பெனி டீம்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போயின. வேலை கிடைத்தது, நல்லது. என் வயிறு எரியவில்லை. நோட்டீஸ் கொண்டு வந்த மூன்று பேரில் ஒருத்தன் அப்படிப் போனவன்தான், கோப்பைக்குப் பணம் போடுபவனும் அவன்தான். அவன் பேப்பரில் வந்த முதல் நாள் நைனா பத்து பேப்பர் வாங்கினார். கோச் என்ற இடத்தில் கம்பெனி கோச் பெயர் இருந்தது. அவர் அவனை அப்போது ஆறு மாதம்தான் பார்த்திருப்பார். இங்கே ஒன்பது வருஷம். நைனா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். பத்தையும்.

ஒரு சங்கத்துக்கு எழுதிப் போட்டார், அதாவது நான் எழுதினேன், அவர் சொன்னார். தாலுகா அளவிலாவது கோச் என்று ஒரு சீட்டு கொடுங்கள், பிள்ளைகளுக்கு ரயில் சலுகை வாங்க உதவும் என்று. பதில் வந்தது. தகுதி இல்லை. பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது, அங்கே படித்து வரணுமாம். அஞ்சாவது படித்த டிரில்லர், கேஜை யார் ஏறுவது, பாட்டியாலாவுக்கு யார் போவது? சட்டம் என்றால் சட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் தகுதியில்லாதவன் செய்து கொடுத்த ஆட்டக்காரனையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கணும் அல்லவா? ஆளை எடுத்துக்கொண்டு, ஆக்கினவனுக்குத் தகுதி இல்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

இது நைனாவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. பல்வங்கர் பாலூ என்று ஒருவர். சாமர். புனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் எடுபிடியாக இருந்து, அவர்கள் மட்டை பிடித்துப் பழகப் பந்து போட்டுக் கொடுத்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அவர் கை பட்ட பந்தைத் தொட்ட சாதி இந்துக்கள், டீ வேளையில் அவருக்கு வெளியே தனியாக மண்குவளையில் டீ கொடுத்தார்கள். இந்து அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டன் ஆக்கவில்லை. சண்டை பிடித்த பிறகு 1923இல் அவர் தம்பி விட்டல் ஆனார். தம்பிகள் மூன்று பேருமே ஆட்டக்காரர்கள். யார் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? எந்த நிறுவனம்? வீட்டு வாசலில் அண்ணன் தம்பிக்கு, அப்பன் பிள்ளைக்குப் போட்ட பந்துக்கு ஏட்டில் இடம் கிடையாது. (பாலூ 1937 தேர்தலில் பாபாசாகேப் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.)

தியாகம் என்ற சொல்லில் இன்னொன்றும் மறைகிறது. நைனா எதனால் செத்தார்? 2009இல் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டில் காசம் என்று எழுதினார்கள். அவர் நுரையீரலில் இருந்தது கல்தூசி. சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதலில் 1934இல் கண்டறியப்பட்டதே எங்கள் ஊர்ச் சுரங்கங்களில்தான். 1940களில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு இருந்தது. நைனா கேஜ் ஏறியது அதற்குப் பல வருஷம் கழித்து. அதாவது தெரிந்தேதான் இறக்கினார்கள். காசம் என்று எழுதினால் அது கிருமி, குடி, சேரியின் அழுக்கு. சிலிகோசிஸ் என்று எழுதினால் நஷ்டஈடு. ஒரு சொல்தான் வித்தியாசம். இப்போது நீங்களும் ஒரு சொல் எழுதுகிறீர்கள், 'தியாகச் செம்மல்'. பிள்ளைகளுக்காக ஓடி ஓடி மூச்சு போனது என்று அர்த்தம் வருகிற மாதிரி. பந்தா அவர் மூச்சை எடுத்தது? பந்து கொஞ்சம் மூச்சு கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன். எடுத்தது பாறை. பாறையில் இறக்கியவர்கள்.

இதுவரை எழுதியதில் மற்றவர்களைத் திட்டினேன். வீட்டுக்குள்ளேயும் வரணும்.

பதினாலு பனியன். வெள்ளை. வாரத்துக்கு இரண்டு தடவை. துவைத்தது யார்? லைனில் குழாய் பொது, காலை நாலு மணிக்கு வரிசை. போட்டி நாளில் பிள்ளைகளுக்குக் கேவுரு களி கிளறியது யார்? பெங்களூர் பயணத்துக்கு ரயில் காசு இல்லை என்று அரை சவரன் கம்மல் அடகுக் கடைக்குப் போனது யார் காதிலிருந்து? நூற்றிருபது வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்த ஊரில் எங்க அம்மா காதில் வேப்பங்குச்சி இருந்தது. நோட்டீஸில் அவள் பெயர் எங்கே? ஒருநாள் அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "உங்க நைனா ஊரு புள்ளைங்களுக்கு அப்பன். இந்த வூட்ல நான்தான் அப்பனும் ஆத்தாளும்." அவர் நல்ல அப்பாதான். அடித்ததில்லை, குடித்ததில்லை, பொம்பளைப் பிள்ளை எதற்குப் படிக்கணும் என்று கேட்ட என் மாமனை வாசல் தாண்ட விடவில்லை. அம்மா சொன்னதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயசில் நானும் ஆடுகிறேன் என்றேன். பையன்களைவிட வேகமாக ஓடுவேன், வெளியே போகிற பந்தை எடுத்து வருவது என் வேலைதானே. நைனா சொன்னார், "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கண்ணு பந்து. நீ நோட்டு எழுது." நோட்டு எழுதினேன். சாதி பார்த்து வெளியே நிறுத்தாத மனுஷன், பெற்ற மகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். இதை எழுதும்போது கை நடுங்கத்தான் செய்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் நானும் நோட்டீஸ்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன். சாகிற வருஷம், கட்டிலில் உட்கார்ந்தபடி என் மகளைச் சுவரில் பந்து உதைக்கச் சொல்லி, இடது கால், இடது கால் என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நம் எழுத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கவயல் என்றால் அயோத்திதாசப் பண்டிதரின் மாரிக்குப்பம் பௌத்த சங்கம் பற்றி எழுதுகிறீர்கள். அவர் காலத்துக்குப் பின் சாம்பியன் ரீஃப்பிலிருந்து 'தமிழன்' மறுபடி வந்ததை எழுதுகிறீர்கள். வேலைநிறுத்தங்களை எழுதுகிறீர்கள். எழுதணும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மைதானத்தை ஏன் எழுதவில்லை? பந்தாட்டம் என்றால் பொழுதுபோக்கு, கூட்டத்துக்கு வராதவன் வேலை என்று ஒரு இளக்காரம் நம்மிடமும் இருக்கிறது. எண்பதுகளில் ஒரு தோழர் நைனாவை நேரிலேயே கேட்டார், பிள்ளைகளை வர்க்க உணர்வு இல்லாமல் ஆக்குகிறீர்களே என்று. நைனா அவரையும் ஒரு கோலுக்கு நிற்க வைத்தார். தோழர் ஒன்பது கோல் விட்டார் என்பது லைனில் இன்னும் கதை. சேரிப் பிள்ளை நிமிர்ந்து நிற்க, எதிரே வருகிறவன் உடம்பில் இடிக்கப் பயப்படாமல் இருக்க, தீட்டு என்று ஒதுங்கினவன் தோளோடு தோள் உரச, அந்த மண்ணில்தான் கற்றான். சட்டமன்றத்திலோ சங்கத்திலோ கற்பதற்கு முன்னால்.

28.2.2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஊர் விடியற்காலை ரயிலில் ஏறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் ராத்திரி திரும்புகிற ஊர் ஆகிவிட்டது. மைதானத்துக்கு வரப் பிள்ளைக்கு நேரமில்லை, சொல்லிக் கொடுக்கிறவருக்கு மூச்சு இல்லை. 2001லேயே நைனாவின் ஆட்டம் முடிந்தது. அதுவரை நான் எழுதிய நோட்டுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. யார் வந்தான், யார் வரவில்லை, ஏன் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதியது. 'வரவில்லை, தண்ணீர் பிடிக்கப் போனான்.' 'வரவில்லை, பூட்ஸ் இல்லை என்று வெட்கம். நாளை வெறுங்காலில் எல்லோரும் ஆடணும்.' 'வரவில்லை, அப்பன் ஏர் பிளாஸ்ட்.' 'வந்தான், சாப்பிடவில்லை. கோலில் நிறுத்தினேன், ஓட வேண்டாம்.' கோச் என்பதற்குத் தகுதிச் சீட்டு கேட்டவர்களிடம் இதைத்தான் அன்றைக்கே காட்டியிருக்கணும். எனக்கு அப்போது புத்தி போகவில்லை.

ஆகவே நோட்டீஸ்காரத் தம்பிகளே, போட்டி நடத்துங்கள், நானும் என் பென்ஷனில் ஐயாயிரம் தருகிறேன். கோப்பைக்கு அவர் பெயரை மட்டும் வையுங்கள். முன்னால் துரோணரும் வேண்டாம், பின்னால் செம்மலும் வேண்டாம். டிரில்லர் என்று போடுங்கள், சிலிகோசிஸில் செத்தார் என்று அந்தச் சொல்லாலேயே போடுங்கள். பக்கத்தில் அம்மா பெயர் இருக்கணும். பொட்டப் பிள்ளைகளுக்கும் ஒரு ஆட்டம் வையுங்கள், இல்லையென்றால் ஐயாயிரம் கிடையாது. ஆரம்பிக்க விசில் வேண்டாம், அந்தத் தண்டவாளத் துண்டு எங்கள் கொல்லையில்தான் கிடக்கிறது.

கோட்டு போட்ட போட்டோ என்னிடம் இல்லை. தலையில் துண்டு கட்டி பந்து தைக்கிற போட்டோ ஒன்று இருக்கிறது, அது போதும் என்றால் தருகிறேன். நோட்டுகளையும் தருகிறேன், உங்கள் மூன்று பேர் பெயரும் அதில் இருக்கிறது, ஏன் வரவில்லை என்பதோடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை வீட்டில்தான் இருப்பேன். வரும்போது நல்ல பையாக எடுத்து வாருங்கள், இரண்டு நோட்டைக் கரையான் அரித்திருக்கிறது, தொட்டால் உதிரும்.